சேரப்பணஞ்சேரியில் ஓர் அக்காவும் தம்பியும்

தாம்பரத்தில் ஏறிய பேருந்து படப்பைக்கு முன்பே நின்றுவிட்டது. ரேடியேட்டர் சூடாகிவிட்டது, இருபது நிமிடம் ஆகும் என்றார் நடத்துநர். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறவனுக்கு இருபது நிமிடம் ஒரு பொருட்டா என்று பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு புளியமரத்து நிழலுக்குப் போனேன். பங்குனி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.

என் பக்கத்தில் நின்ற வடக்கத்தியத் தொழிலாளி ஒருவர் போனில் தன் மகளோடு பேசினார். ஓமன் நாட்டுச் சலாலாவில் நான்கு வருடம் பழங்களும் காய்கறிகளும் வைக்கும் குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்த்ததில் எனக்கு இந்தி நன்றாகவே புரியும். “சாப்பிட்டேன் கண்ணு, சோறுதான். இங்கே எல்லாரும் நல்லவர்கள். இல்லை, பண்டிகைக்கு வர முடியாது, அடுத்த தடவை” என்றார். நான்கு வருடமாக நானும் போனில் இதைத்தான் சொல்லிவருகிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் வந்தது பண்டிகைக்கோ திருமணத்துக்கோ அல்ல. என் மகள் தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வாரங்களுக்கு முன் அவள் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். “அப்பா, என்னை ஹாஸ்டல்ல சேத்துடு. அம்மாகிட்ட சொல்லாத.” அவ்வளவுதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் என் மனைவி மகேஸ்வரி அழுதுகொண்டே அழைத்தாள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பாசிரியை, ஒரே பெண் என்று செல்லம் கொடுத்துவிட்டீர்களா, தினமும் தாமதமாக வருகிறாளே என்று கேட்டிருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை, நான் ஒருத்திதான் என்று தர்ஷினி வருடம் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறாள்.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு தம்பி உண்டு. பெயர் கிஷோர். மூன்று வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு அடுத்த வருடம் நான் சலாலாவுக்குப் போனேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவேன். இந்த முறை முதலாளியிடம் கெஞ்சி வாங்கியது பத்து நாள். அதற்குள் அக்காவையும் தம்பியையும் ஒன்று சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். எவ்வளவு அறியாமை அது என்று இப்போது தெரிகிறது.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வாடகை வீடு மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. போன முறை பக்கத்தில் காலி மனையாக இருந்த இடத்தில் இப்போது அதேபோல் இன்னொரு கட்டடம். ஒவ்வொரு அறைக்கும் எட்டுப் பேர், மாடிக் கம்பிகளில் ஒரே நிறத்துக் கம்பெனிச் சட்டைகள். சலாலாவில் நான் இருக்கும் அறையும் இதேதான். அங்கே சன்னலைத் திறந்தால் வாழைத்தோட்டம் தெரியும், இங்கே அடுத்த வீட்டுச் சுவர். அங்கே பாதையில் ஒருவர் கால் வைத்தால் கார்கள் நின்றுவிடும். இங்கே புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீளமான லாரிகள் மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருந்தன.

தர்ஷினிதான் கதவைத் திறந்தாள். தோள் வரை வளர்ந்திருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள், தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்வதுபோல் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். கிஷோர் தரையில் படுத்து, காதை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவைத்திருந்தான். கண் மூடியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மோட்டார் நிற்கும் வரை அப்படித்தான் இருப்பான் என்று தர்ஷினி சொன்னாள். மகேசு வேலையிலிருந்து வந்ததும் எனக்காகக் காரப்பொடி என்கிற சின்ன மீனில் குழம்பு வைத்தாள். இரண்டு வருடமாக நாக்கு தேடிய ருசி. கிஷோரின் தட்டில் மட்டும் வெறும் இட்லி. வெள்ளையாக இருப்பதை மட்டுமே அவன் சாப்பிடுவான்.

இரண்டாம் நாள் காலையில்தான் அந்த வீடு எப்படி நடக்கிறது என்று பார்த்தேன். போனில் பார்த்திருந்த வீடு வேறு. மகேசு போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள், முதல் ஷிஃப்ட். ஐந்து பத்துக்கு முக்கு ரோட்டில் கம்பெனி பஸ். அவள் போனதும் தர்ஷினி எழுந்தாள். தம்பியைக் கழிவறைக்கு அழைத்துப் போனாள், பல் தேய்த்துவிட்டாள், சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணி லேபிளைப் பிளேடால் வெட்டினாள். இட்லியைப் பிட்டு வைத்தாள். அவன் அதைத் தள்ளிவிட்டான். மறுபடி வைத்தாள். எட்டு ஐந்துக்குச் சிறப்புப் பள்ளியின் வேன் கீழே வரும். படியிறங்க அவன் மறுத்து ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்தான். அவனை வேனில் ஏற்றிவிட்டு மேலே ஓடிவந்து தன் யூனிஃபார்மைப் போட்டாள். தலை பின்ன நேரமில்லை. ஒரு இட்லியைக்கூடச் சாப்பிடாமல் ஓடினாள். இது அத்தனையிலும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. லைனில் நிற்கிறவர்கள் சாமானைப் பார்க்கிற மாதிரி கைவேலையை மட்டும் பார்த்தாள்.

இதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அன்று மாலை அவளை உட்காரவைத்து அறிவுரை சொன்னேன். தம்பி ஒருவன்தான், அவனுக்கு நாம்தான், நாளைக்கு உனக்கென்று இருக்கப்போவது அவன் ஒருவன்தான் என்றெல்லாம். அவள் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், படிக்கப் போகட்டுமா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போவது என்று நான்தான் முடிவெடுத்தேன். ஒன்றாக ஒரு இடத்துக்குப் போய் வந்தால் ஒட்டுதல் வந்துவிடும் என்று எண்ணினேன். மகேசு வேண்டாம் என்றாள். கூட்டமாக இருக்கும், அவன் தாங்கமாட்டான் என்றாள். நான் கேட்கவில்லை. நான் வந்தே நாலு நாள் ஆகிறது, இன்னும் ஒரு இடத்துக்கும் போகவில்லை என்று பேசி வாயை அடைத்தேன்.

பேருந்தில் ஒரகடம் வரை நன்றாகவே போனோம். கிஷோர் சன்னல் கண்ணாடியில் காதை வைத்து அதன் அதிர்வில் மூழ்கியிருந்தான். கூட்டுரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியதும் கெட்டது. ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான், எதிரில் இருந்த பெண்ணின் வளையலைப் பிடித்து இழுத்தான். ஒரு வளையல் உடைந்தது. அந்தப் பெண் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தர்ஷினியிடம், உன் தம்பியா பாப்பா என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தர்ஷினி தெரியாது என்றாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டோம். கூட்டுரோடு பாலத்திலிருந்து நூறு அடிகூடத் தாண்டியிருக்கவில்லை.

மகேசு அழுதாள். டீக்கடைக் குழாயில் முகம் கழுவ அவளை அனுப்பிவிட்டு நான் எதிரில் இருந்த கடைக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கப் போனேன். போகும்போது கிஷோரின் கையை எடுத்து தர்ஷினியின் கையில் வைத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது தர்ஷினி தனியாக நின்றிருந்தாள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஞாயிற்றுக்கிழமையும் லாரி ஓயாது. நான் ஒரு பக்கம் ஓடினேன், மகேசு ஒரு பக்கம் ஓடினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை, அவன் திரும்ப மாட்டான். ஒவ்வொரு முறை எங்கோ பிரேக் கிரீச்சிடும்போதும் என் கால் தானாக நின்றுவிடும், அப்புறம்தான் நகரும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகேசு பிறகு இருபது நிமிடம் என்றாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தியிருந்த லாரிகளில் ஒன்று குளிர்சாதனப் பெட்டி பொருத்தியது. அந்தப் பெட்டியின் சுவரில் காதை ஒட்டிக் கண்மூடி நின்றிருந்தான் கிஷோர். அவனுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தலைப்பாகை கட்டிய டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் ஓடிவந்ததைப் பார்த்து எழுந்து இந்தியில் சொன்னார்: “உங்கள் பையனா? சாலையைத் தாண்டித்தான் வந்தான். கையைப் பிடித்தால் கத்தினான், அதனால் பிடிக்கவில்லை. இயந்திரச் சத்தம் பிடித்திருக்கிறது போல. நிறுத்தாமல் விட்டிருக்கிறேன்.” நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சலாலாக் கிடங்கில் தினமும் நான் காவல் காக்கும் அதே குளிர்சாதன இயந்திரங்கள். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பிறகு நான் செய்தது எழுதக் கூசும் காரியம். தர்ஷினி நின்ற இடத்துக்கு வந்து, டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னால், கன்னத்தில் அறைந்தேன். கை எப்படி நழுவியது என்று கத்தினேன். அவள் அழவில்லை.

“நழுவல. நான்தான் வுட்டேன்” என்றாள். “அவன் போவட்டும்னுதான் வுட்டேன்.”

வல்லக்கோட்டைக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை. திரும்பும் பேருந்தில் நாலு பேரும் நாலு இருக்கையில் உட்கார்ந்தோம்.

திங்கட்கிழமை கிஷோரோடு நானும் வேனில் ஏறி அவன் பள்ளிக்குப் போனேன். படப்பைப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளம், பதினான்கு பிள்ளைகள். விமலா டீச்சர் என்பவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் நகக்கீறல்கள் காய்ந்திருந்தன. நான் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு பெண் குழந்தைக்கு ஷூ மாட்டிவிட்டார். ஆட்டிசம் என்றால் என்ன என்று தர்ஷினிக்கு யாராவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் யோசித்தேன். இல்லை. எங்களுக்கு டாக்டர் சொன்னார், அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“சார், அவளுக்கு அவன் தம்பி இல்ல. அவன் அவளோட டியூட்டி” என்றார் டீச்சர். “மொதல்ல அந்த டியூட்டிய எடுங்க. அப்புறம் பாருங்க பாசம் வருதான்னு. வரலன்னாலும் கேட்டு வாங்காதீங்க.”

இன்னும் சில சொன்னார். தர்ஷினிக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள், அவளுக்குக் கோபம் வந்தால் பாவம் என்று சொல்லி அடக்காதீர்கள், இருவருக்கும் பிடித்த ஏதாவது ஒன்றை ஐந்து நிமிடம் செய்யட்டும், போதும் என்று அவள் நினைத்தால் எழுந்துபோகும் உரிமை அவளுக்கு வேண்டும் என்றார். அதற்குள் உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்டு எழுந்து போய்விட்டார்.

செவ்வாய் முதல் காலை வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் இட்லியை என் சட்டையில் துப்பினான். பல் தேய்க்க முக்கால் மணி நேரம். வேனைத் தவறவிட்டு ஆட்டோ பிடித்தேன். தர்ஷினி தலை பின்னிக்கொண்டு, இட்லி சாப்பிட்டு, மணியடிக்கும் முன்பே பள்ளிக்குப் போனாள். அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

புதன் மாலை அவளை மட்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போனேன். பேருந்து கிடைக்காமல், ஷிஃப்டுக்குப் போகும் பெண்களோடு ஒரு வேனில் நெருக்கியடித்துப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பிரியாணி. அவள் எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் எனக்குத் தெரிந்தவரை ஆட்டிசம் பற்றிச் சொன்னேன். அது நோய் இல்லை, அவன் மூளை பிறவியிலேயே வேறு விதமாக அமைந்தது, சத்தமும் தொடுதலும் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு அவனுக்குத் தெரியும் என்று. அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“பொறக்கும்போதேவா?”

“ஆமா.”

“அப்ப நான் கீழ போட்டதால இல்லியா?”

எனக்குப் புரியவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யூகேஜி படிக்கும்போது ஒருநாள் தொட்டிலிலிருந்து தம்பியைத் தூக்கப் பார்த்திருக்கிறாள். கை நழுவித் தரையில் விழுந்திருக்கிறான். தலை வீங்கியது. எறும்பு கடித்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஏழு வருடமாக அவன் பேசாமல் இருப்பதற்கும், கத்துவதற்கும், அம்மா அழுவதற்கும், நான் சலாலாவில் இருப்பதற்கும் தான்தான் காரணம் என்று நினைத்திருக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்காததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

இல்லை, அதனால் இல்லை, சத்தியமாக இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டாள்.

“நீயும் அம்மாவும் செத்துட்டா நான்தான அவனப் பாத்துக்கணும்?”

இதற்கு என்னிடம் பொய் தயாராக இருந்தது. நாங்கள் சாகமாட்டோம் என்ற பொய், பெரியவனானால் அவன் தானாகச் சரியாகிவிடுவான் என்ற பொய். அவற்றைச் சொல்லாமல், தெரியவில்லை, அதற்கு நானும் அம்மாவும்தான் வழி தேட வேண்டும், உன் மேல் கட்டிவைக்க மாட்டேன் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. பிரியாணியை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள், வியாழன் மாலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. தர்ஷினி காலியான தண்ணீர் கேனின் வாயில் தன் வாயை வைத்து ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி அல்ல, அவளாகவே. ஃபிரிட்ஜ் சத்தம் மாதிரியே வந்தது. கிஷோர் எழுந்து வந்து கேனின் மறுபக்கம் காதை ஒட்டினான். அவள் நிறுத்தினாள். அவன் காத்திருந்தான். பிறகு அவள் கையை எடுத்துக் கேன் மேல் வைத்தான். அவனாக அவளைத் தொட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் மறுபடி முனகினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், அவன் முகத்தைப் பார்த்து. மகேசு வாசற்படியில் கம்பெனிப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

இதோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலையும் இருவரும் கேனோடு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் திடீரென விசில் அடித்தது. கிஷோர் எழுந்து ஓடப் பார்த்தான். ஒன்றுமில்லை, உட்கார் என்று தர்ஷினி அவன் தோளைப் பிடித்தாள். அவன் அவள் முழங்கைக்குக் கீழே கடித்தான். விலக்க நானும் மகேசுவும் வேண்டியிருந்தது. பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. தர்ஷினி சோப்புப் போட்டுக் கழுவினாள்.

“நான்தான் புடிச்சேன். புடிச்சிருக்கக் கூடாது” என்றாள். அன்று அதற்கு மேல் அவன் இருந்த பக்கம் அவள் போகவில்லை. நாங்களும் போகச் சொல்லவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. பொது ஷிஃப்ட் கேட்டு மகேசு சூப்பர்வைசரிடம் பேசியிருந்தாள், இரண்டு மாதம் பொறு என்றிருக்கிறார். அதுவரை காலையில் வந்து கிஷோரை வேனில் ஏற்றிவிடக் கீழ்வீட்டு அமுதாவிடம் ஏற்பாடு செய்தோம். பத்து நாளில் என்னால் முடிந்தது இவ்வளவே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தர்ஷினி என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். கையில் கட்டு. இல்லை என்பாள் என்ற நப்பாசையோடு, இன்னும் ஹாஸ்டல் போகணுமா என்று கேட்டேன்.

“போவணும்ப்பா.”

“தம்பி?”

“லீவுக்கு வருவேன். அப்ப அவங்கூட இருப்பேன்” என்றாள். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “நீயும் லீவுக்குத்தான வர்ற?”

அதில் கோபமோ குத்தலோ இல்லை. நான் செய்வதுபோலத்தான் தானும் செய்யப்போகிறாள் என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். பேருந்து வந்தது. பெட்டியை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

ஜூன் மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும் என்றார்களாம். மகேசு மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டாள். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை.